ஆறாமீன் சாய்ந்த நேரம்

எழுபதுகளின் தொடக்கத்தில், குத்தாலத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களுக்கும் மிராசுதார்களுக்கும் ஓயாத மோதல் நிலவிய காலம். இயற்பியல் பட்டதாரியான நான், தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதைச் சமூகக் கடமையாகவே கருதியிருந்தேன்.

அந்தத் தை மாதம் ஒரு மிராசுதாரின் நெற்போர் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தீப்பற்றி எரிந்தது. பழி, கூலிப் போராட்டத்தில் முன்னால் நின்ற ஒருவர்மீது விழுந்தது. அவரோ அன்று இரண்டு மைல் தள்ளி, வேறொருவரின் களத்தில் இன்னோர் ஆளுடன் நெல்லுக்குக் காவல் இருந்தவர். எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்பினார் என்பதில்தான் அவருடைய விடுதலை அடங்கியிருந்தது.

இருவரிடமும் கடிகாரம் இல்லை. ஆறாமீன் என்று அவர்கள் அழைக்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மேற்கே தென்னந்தோப்பின் தலையைத் தொட்டதும் ஒருவர் வீட்டுக்குப் போகலாம்; அதுவே அவர்கள் வழக்கம். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன் என்றார் அவர். உடனிருந்தவரும் அதையே சொன்னார்.

மீனை நம்பி எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதாது என்று நினைத்தேன். ஜாமீனில் வந்திருந்தவரை அதே களத்துக்கு அழைத்துச் சென்று, மீன்கள் தோப்பைத் தொட்ட கணத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால். குறித்துக்கொண்டேன். மீதி முக்கால் மணி நேரத்தில், இருட்டில், வரப்பு வழியே வந்து தீ வைத்திருக்க முடியாது என்பது என் கணக்கு.

அவர் தயங்கினார். "அன்னிக்கு இன்னும் நேரமாயிருக்கும் தம்பி. ஆறாமீனு நாளுக்கு நாள் முந்திக்கிட்டே போவுங்க."

நான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் லேசாகச் சிரித்தார். "இதுக்குத்தான் நீங்க தினம் சாவி குடுக்கணும். அதுக்கு யாரும் குடுக்க வேணாங்க." ஆனாலும், படித்தவன் எழுதிய வாக்குமூலத் தாளில் கைநாட்டு வைத்தார். உடனிருந்தவரும் வைத்தார்.

அதற்குள் போர் எரிந்து ஒரு மாதம் கடந்திருந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பியவர் பன்னிரண்டு மணிக்குள் இரண்டு மைல் நடந்திருக்க முடியாதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அன்றைக்கு மீன் தாமதமாகத்தான் சாய்ந்தது என்றார் இவர். "ஒனக்காக நட்சத்திரம்கூட நேரத்த மாத்திக்குதா?" என்றார் வக்கீல். நீதிமன்றமே சிரித்தது. இரண்டு ஆண்டுச் சிறை.

அவர் சொன்னது மனத்தை அறுத்துக்கொண்டே இருந்ததால், அடுத்த ஆண்டு தை மாதத்தில், தீப்பிடித்த அதே தேதியில் அந்தக் களத்தில் போய் நின்றேன். பதினொன்றேகாலுக்கு ஆறாமீன் தோப்புக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. அது தென்னைகளைத் தொட்டபோது மணி ஒன்றேகால். நட்சத்திரங்கள் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே சாயும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். தேர்வில் நானே எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்தான். மறுநாளே எங்கள் வக்கீலிடம் ஓடினேன். மேல்முறையீட்டுக் கெடு முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன என்றார்.

விடுதலையாகி வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிக்கே சொன்னேனேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலில் இறங்கினார்.

எவருக்காவது மனு எழுத இன்றும் பேனாவை எடுக்கிறேன். எழுதியதை வாசித்துக் காட்டும்போது எதிரில் இருப்பவர் சற்றுத் தயங்கினால்கூட, என் படிப்பு மறுபடியும் யாரையோ சிறைக்கு அனுப்பப் போகிறதோ என்று தாளை மடித்துவிட்டு, அவர் சொல்வதை முதலிலிருந்து கேட்கிறேன்.