அதிகாரி வந்த அன்று நிறைந்த பஸ்

எனக்கு வண்டி ஓட்ட வராது. கல்யாணமான புதிதில் மொபெட் பழகப் போய், விஸ்வநத்தத்துக்குப் பிரியும் விலக்கில் எதிரே வந்த எருமைக்கு மரியாதையாக வழிவிட்டு முள்ளுக்குள் விழுந்தவன். அதனால் சிவகாசி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் மனைவியைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பைக் காலை டவுன் பஸ்ஸிடம் ஒப்படைத்திருந்தேன்.

அந்த பஸ்ஸில் அவளையும் மோர் விற்கப் போகும் பெண்கள் இரண்டு பேரையும் விட்டால் ஆள் கிடையாது. ஊரில் மற்ற எல்லோரையும் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வாசலுக்கே வந்து காசில்லாமல் ஏற்றிப் போய்விடும். கலெக்‌ஷன் இல்லை, பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பஸ் நின்றால் அவள் வேலையும் நின்ற மாதிரிதான்.

அந்தச் சமயத்தில்தான், நஷ்டத்தில் ஓடும் கிராமத்து பஸ்களை அரசாங்கம் பணம் கொடுத்துத் தாங்கப்போகிறது, பஸ்ஸில் ஏறிப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. ஊர் கூடிப் பேசினோம். காலி பஸ்ஸைக் கண்டால் மனுஷன் என்ன நினைப்பான்? பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடுகிற ஊர் எங்களுடையது. பஸ்ஸை நிரப்பிவிடுவது என்று முடிவானது. அதிகம் கத்தியவன் நான்.

அதிகாரி வந்த அன்று கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஊரே ஏறியது. நான் படியில் தொங்கினேன். கூட்டத்தில் நசுங்கியபடி அதிகாரி சிரித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஏதோ கெஞ்சினார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கையாட்டினேன்.

அதிகாரி இறங்கிப் போனதும் கண்டக்டர் என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நஷ்டத்துல ஓடுற வண்டிக்குத்தான் காசு. லாபத்துல ஓடுதுன்னு எழுதிட்டுப் போறாரு. இனி தெனமும் இப்பிடித் தொங்குவீகளா?"

மறுநாள் வேன்கள் வந்தன. எல்லோரும் ஏறிப் போனார்கள். லாபத்தில் ஓடும் பஸ்ஸுக்கு உதவி எதற்கு என்று பணம் வரவில்லை; கலெக்‌ஷன் இல்லை என்று கொஞ்ச நாளில் பஸ்ஸும் வரவில்லை. டெப்போவில் போய் நின்று, நாங்கள் ஏமாற்றியதை நாங்களே விளக்கிப் பார்த்தோம். நம்பவில்லை.

என் மனைவி ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். பட்டாசுக் கம்பெனி வேனில் இடம் கேட்டுவிட்டு வந்து, வெடிக்குத் தாள் சுற்றப் போவதாகச் சொன்னாள். படித்த படிப்பு என்ன ஆவது என்றேன்.

"அங்கன ஏதாச்சும் ஆச்சுன்னா கட்டுப் போட ஒரு ஆளு வேணும்லங்க" என்றாள்.

மறுநாள் காலை வேன் வாசலில் வந்து நின்றது, அவள் ஏறி உட்கார்ந்தாள். வேன் கதவு உள்ளிருந்து சாத்த வராது. வெளியே நின்று நான்தான் தள்ளிச் சாத்தினேன்.