முனி கல்லுக்கும் பீலிக்கும் நடுவே

கெலிஓயாவில் ரிஸ்மியின் சைக்கிள் கடைக்குப் போய், கலாராணி யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "ஹெல்மெட் அக்கா" என்று கேட்டுப் பாருங்கள், உடனே கையைக் காட்டுவார்கள். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டு வருகிற வெள்ளைக்காரர்களையும், கொழும்பு வீட்டுப் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக் கலஹாவுக்கு மேலே கொண்டுபோய், தேயிலைக்குள்ளால் இறங்கும் ஒற்றையடிப் பாதைகளில் பத்திரமாகக் கீழே கூட்டி வருவது அவள் தொழில்.

பத்திரம் என்றால் சும்மா பத்திரமில்லை. சைக்கிளில் காலைத் தூக்கிப் போடுமுன் ஒவ்வொரு தலையையும் அவள் தொட்டுப் பார்ப்பாள். நாடிக்குக் கீழே வார் தளர்ந்திருக்கிறதா, ஹெல்மெட் பிடரிக்குச் சரிந்து நெற்றி தெரிகிறதா, எல்லாம் பார்த்து, தானே இழுத்துக் கட்டிவிடுவாள். ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், தான் சின்ன வயதிலிருந்தே சைக்கிள் ஓட்டுகிறவர், இந்தச் சட்டியெல்லாம் போட்டால் தலை வேர்க்கும், வேண்டாம் என்றார். "தலை உங்களோடதுதான் சார். ஆனா பாதை என்னோடது" என்று சொல்லி அவரைத் திருப்பி வேனிலேயே உட்கார வைத்துவிட்டாள். மனிதர் ஏசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ரிஸ்மி முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் அவர் வைத்திருந்த சட்டமும் அதுதான்: ஹெல்மெட் இல்லாமல் ஓடினால் வந்தவருக்கு அன்றைய பயணம் போச்சு, கூட்டிப் போகிறவருக்கு வேலை போச்சு.

கதையைக் கேட்டு முடித்தால், இவளா அப்படிச் செய்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டு என்ன செய்ய?

கலாராணி கலஹாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மேமலைப் பிரிவில், தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்தில் பிறந்தவள். கொஞ்ச காலம் கொழுந்தெடுத்தாள். பிடிக்கவில்லை. ரிஸ்மியின் கடையில் சைக்கிள்களில் அப்பிய சேற்றைக் கழுவுகிற வேலைக்குப் போனாள். கழுவிய சைக்கிளைக் காயவைக்கிறேன் என்று முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். முதலாளி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்புறம் ஒருநாள், "அந்த மேட்டுல ஏறிக் காட்டுங்க பார்ப்பம்" என்றார். ஏறிக் காட்டினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஏறுமுகம்தான். லயத்தில் சிலர், பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று வாய் ஓயாமல் பேசினார்கள். பேசினவர்கள் வீட்டுக் கூரைத் தகரத்தை அவள் சம்பளத்தில் மாற்றிக் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மேமலைக்குக் கீழே, பாதை செங்குத்தாக விழத் தொடங்குகிற முனையில், முனியாண்டி கல் ஒன்று இருக்கிறது. எண்ணெய் பூசிக் கறுத்த கல், ஒரு சூலம், நாலு எலுமிச்சம்பழம், அவ்வளவுதான் கோயில். அந்தக் கல்லிலிருந்து கீழே ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலி வரைக்கும் முனியின் பார்வை என்பார்கள். அந்த இடைவெளியில் யாரும் தலையை மூடிக்கொண்டு போகமாட்டார்கள். கொழுந்தெடுக்கிற பெண்கள் மழைக்குப் போட்ட கொங்காணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நடப்பார்கள். லொறிக்காரன் தொப்பியை எடுத்து மடியில் வைப்பான். கலாராணியும் சின்ன வயதிலிருந்து அப்படியே பழகியவள். கல்லுக்கு முன்னால் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டி, திருநீறு பூசி, பீலி வரைக்கும் வெறுந்தலையோடு மெல்ல இறங்குவாள். பீலியில் திரும்பவும் மாட்டிக்கொள்வாள். கடையில் யாருக்கும் இது தெரியாது. வந்தவர்களிடம் மட்டும், "நீங்க கழட்டவேணாம், உங்களோட முனி கோவிக்கமாட்டாரு" என்று சிரிப்பாள். அந்தப் பாதையிலேயே மோசமான இறக்கம் அதுதான். அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவளுக்கு இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஜனார்த்தனன் நாவலப்பிட்டிக்காரன். டவுனில் வளர்ந்தவன். மனைவி யசோதினிக்கு ஒரு பார்மசியில் வேலை, ஒரு சின்னப் பெண் குழந்தை. கலாராணிக்குத் துணையாக ரிஸ்மி அவனைச் சேர்த்திருந்தார். நல்ல ஓட்டக்காரன், அதைவிட நல்ல பொறுமைக்காரன். வயதில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் வாய் நிறைய அக்கா என்பான்.

அன்றைக்கு வந்தவர்கள் யாருமில்லை. இரவெல்லாம் மழை பெய்திருந்தது. அடுத்த நாள் ஆட்கள் வருவதால், பாதை எப்படி இருக்கிறதென்று பார்த்து வர இவர்கள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். முனி கல்லில் கலாராணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஜனார்த்தனன் கழற்றாமலே குனிந்து கும்பிட்டான்.

"என்னா இது? எறக்கு தலையில இருக்கிறத" என்றாள்.

"அக்கா, ஈரமா கெடக்கு. இன்னைக்கு மட்டும் போட்டுக்கிறேனே."

"டவுன்காரன்னு காட்டுறியா? மேமலை சனம் பாத்தா என்னா சொல்லும்? ஒனக்கு மட்டும் தனி முனியா? கழட்டு, அவரு பாத்துக்குவாரு."

அவன் கழற்றி ஹேண்டிலில் மாட்டினான். அவள் முன்னால் இறங்கினாள். வளைவு திரும்பும்போது பின்னால் சில்லு வழுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம். வெகுநாள் வரைக்கும் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி ஓடினபோது அவன் தலை, பாதையோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற கானின் கருங்கல் விளிம்பில் கிடந்தது. சைக்கிள் அந்தப் பக்கம் கிடந்தது. ஹேண்டிலில் ஹெல்மெட் ஒரு கீறல்கூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

தோட்டத்து ஆட்கள் ஓடி வந்தார்கள், லொறி வந்தது, கண்டியில் பெரிய ஆஸ்பத்திரி, ஒப்பரேசன். ரிஸ்மி மூச்சிரைக்க வந்து, லொறியில் கிடந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று கேட்டார்.

"அல்லாஹ்வே! ஹெல்மெட்ட ஹேண்டில்ல தொங்கப் போட்டீக்கானே! ஏன் போடல்ல?"

கலாராணி வாயைத் திறந்தாள். உள்ளே இருந்தது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று.

"தெரியல முதலாளி. நான் முன்னால போயிட்டேன். மறந்திருப்பான்."

அந்த ஒரு பேச்சில் எல்லாம் முடிந்துபோனது. திட்டமிட்டுச் சொன்ன பொய்யில்லை என்று அவளுக்காக நான் பரிந்து பேசலாம். ஆனால் மறுநாளும் அவள் அதைத் திருத்தவில்லையே. அதற்கு யார் பரிந்து பேசுவது?

ஜனார்த்தனன் பிழைத்துக்கொண்டான். கண் விழித்தான், மனைவியை அடையாளம் தெரிந்தது, குழந்தையைப் பார்த்து அழுதான். அந்த நாள் மட்டும் அவன் தலையிலிருந்து துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. காலையில் தேத்தண்ணி குடித்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில். இடது கையில் பலம் சரியாக வரவில்லை. ரிஸ்மி கெட்டவரில்லை, செலவுக்கு உதவினார். ஆனால் சட்டம் சட்டம்தான். இனி அவனை ஆட்களோடு மலைக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கலாராணி முதலில் முனியின் மேல் பழியைப் போடப் பார்த்தாள். ஏதோ தீட்டு, ஏதோ கோபம், அதுதான் தள்ளிவிட்டார் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருநாள் தனியாகப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கல்லுக்கு முன்னால் நின்று, "எதுக்கு இப்படிச் செஞ்ச?" என்று சத்தம் போட்டாள். கல் கல்லாகவே இருந்தது. அங்கே நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. முனி எங்கே கேட்டார்? கழட்டு என்று கேட்டது அவள் வாய். சனம் என்ன சொல்லும் என்று பயந்ததும் அவள்தான். கும்பிடு போட்டவனின் குனிந்த தலை முனிக்குப் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் தவறாமல் நாவலப்பிட்டிக்கு பஸ் ஏறினாள். செவ்விளநீர், பழம், குழந்தைக்கு பிஸ்கட் என்று கை நிறையக் கொண்டுபோவாள். யசோதினி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவள் முன்னாலேயே புருஷனைப் பிடித்து வாங்குவாள்.

"அக்கா, ஊருக்கே ஹெல்மெட் மாட்டி விடுறவங்க நீங்க. உங்க கூடவே இருந்துட்டு இந்த மனுசன் மறந்துருக்காரு பாருங்க! தலையில மூளை இருந்தாத்தானே மூடணும்னு தோணும்?"

கலாராணி தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். ஓடவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள்.

ஒருமுறை அவனே சொன்னான். "அக்கா, உங்க பேரையும் கெடுத்துட்டேன். ஹெல்மெட் அக்காவோட ஆளே இப்படியான்னு கடையில பேசியிருப்பாங்க. மன்னிச்சிருங்க."

"பரவால்ல தம்பி, விடு" என்றாள் அவள்.

மன்னித்தாளாம்! தான் உடைத்த தலையைத் தானே மன்னித்துவிட்டு, பஸ்ஸில் ஏறி, கம்பளை வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். செய்தது ஒரு பாவம் என்றால் அந்த "பரவால்ல" அதைவிடப் பெரிய பாவம் என்று அவளுக்கே தெரிந்தது.

இது போதாதென்று ரிஸ்மிக்கு ஒரு யோசனை வந்தது. "காலையில ஆக்களுக்கு ஹெல்மெட் பத்திச் சொல்லக்குள்ள ஜனாட கதையையும் சொல்லுங்க கலாராணி. அப்பதான் பயம் வரும்." முடியாது என்று சொல்ல அவளுக்கு என்ன காரணம் இருந்தது? சொன்னாள். எங்களிடம் ஒருவர் இருந்தார், நல்ல ஓட்டக்காரர், ஒரே ஒரு நாள் ஹெல்மெட் போட மறந்துவிட்டார் என்று தினமும் காலையில் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டி, வாரை இறுக்கிக்கொண்டார்கள். அவள் சொல்லச் சொல்லக் கதை வழவழவென்று வந்தது, அதுதான் அவளுக்குப் பெரிய பயம். இப்படியே போனால் தானே நம்பிவிடுவேனோ என்று நினைத்தாள்.

அடுத்த முறை நாவலப்பிட்டிக்குப் போனபோது யசோதினி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குழந்தையை நேர்சரியில் விட வேண்டும். எதிரே ரோட்டைக் கடந்தால் நேர்சரி.

"நீ கூட்டிட்டுப் போயேன் தம்பி. கால் நல்லாத்தானே இருக்கு" என்றாள் கலாராணி.

ஜனார்த்தனன் தலையை ஆட்டினான். மொட்டையடித்த இடத்தில் முடி முளைத்து, நடுவில் தழும்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"வேணாம்க்கா. நான் கூட்டிட்டுப் போறதில்ல."

"ஏன்?"

"மறந்துருவேன்." அவன் மெதுவாகத்தான் சொன்னான். "தலையில இருக்க வேண்டியதையே மறந்தவன். ரோட்டு நடுவுல இவ கையையும் மறந்து விட்டுட்டா? எனக்கு என்னை நம்ப ஏலாதுக்கா. அடி படுறதுக்கு முன்னாலயே என் மூளையில ஏதோ கோளாறு இருந்திருக்கு. இல்லாட்டி எப்படி மறப்பேன்? கேஸ் மூடினேனா, கதவு பூட்டினேனான்னு திரும்பத் திரும்பப் பாக்குறேன். புள்ளைய மட்டும் நான் தொடமாட்டேன்."

குழந்தை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அப்பாவின் பக்கம் பார்க்காமலே அம்மாவின் கையைப் பிடித்தது. பழகிப்போயிருந்தது அதற்கு.

வேலை போகும், மேமலையில் தலை காட்ட முடியாது, இந்த வீட்டு வாசற்படியை இனி மிதிக்க முடியாது, எல்லாம் கலாராணியின் மனதில் ஓடியது. ஓடி என்ன?

"யசோ, கொஞ்சம் நில்லு" என்றாள். "தம்பி மறக்கல. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அப்புறம் நிற்காமல் சொன்னாள். முனி கல், ஈரம், அவன் கேட்டது, அவள் ஏசியது, பின்னால் கேட்ட சத்தம், ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன பொய், தினமும் காலையில் சொல்கிற பொய், எல்லாவற்றையும்.

யசோதினி கைப்பையைக் கதிரையில் எறிந்தாள். "இந்த மனுசன நான் ஏசாத ஏச்சில்ல. நாயை ஏசுற மாதிரி ஏசினேன். நீங்க இங்க உக்காந்து, என் கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்க! நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?"

கலாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போனை எடுங்க. முதலாளிக்குச் சொல்லுங்க. இப்பவே, என் கண்ணு முன்னால."

எடுத்தாள். சொன்னாள். அந்தப் பக்கம் ரிஸ்மி முழுக்கக் கேட்டார். கடைசியில், "வேன் சாவியக் கொண்டாந்து தாங்க கலாராணி. வேற ஒன்டும் இப்ப எனக்குப் பேச ஏலாது" என்று வைத்துவிட்டார்.

இனி ஜனார்த்தனன்தான் மிச்சம். அவன் காறித் துப்பட்டும், கையை ஓங்கட்டும் என்று அவன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது. விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது.

"அக்கா, அப்ப நான் மறக்கல, என்னா?"

"மறக்கல."

"ஈரமா இருக்கு, போட்டுக்கிறேன்னு நான் சொன்னேனா?"

"சொன்ன தம்பி. நான்தான் கேக்கல."

"யசோ, கேட்டியா? நான் சொல்லியிருக்கேன்." அவன் பலமில்லாத இடது கையால் குழந்தையைத் தன் பக்கம் இழுத்தான். "எங்க, இன்னொருக்கா சொல்லுங்கக்கா. மொதல்ல இருந்து சொல்லுங்க."

கலாராணி வாசற்படியில் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினாள்.