அவசர எக்ஸ்ரே

அத்தானை நினைத்தால், என் இடது காலில் அவர் சுற்றிவிட்ட மஞ்சள் துண்டுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அக்காவின் கணவர். தென்காசியில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நான் அப்போது எக்ஸ்ரே தொலைநோக்கி வழியாக வானத்தை ஆராயும் மாணவன். இரண்டு பேரும் ஒரே டிபார்ட்மெண்ட் என்பது அவருடைய தீர்மானம். "நான் ஆளுக்கு எடுக்கேன், மாப்ள ஆகாசத்துக்கு எடுக்கான்" என்று கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்வார். நாங்கள் எதையும் எடுப்பதில்லை, வானத்திலிருந்து தானாக வரும் எக்ஸ்ரேயை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்று எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். "வாங்குனா என்ன, குடுத்தா என்ன, படம் விழுதுல்லா" என்பார்.

எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது காமா கதிர்கள் வெடித்துக் கிளம்பும். வெடிப்பு சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பின்னொளிதான் எங்களுக்குச் சோறு. எக்ஸ்ரேயில் அது மணிக்கு மணி மங்கும், சில நாளில் இருந்த இடம் தெரியாது. வெடிப்பை வேறொரு செயற்கைக்கோள் கண்டு செய்தி அனுப்பும். உடனே எங்கள் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்பது என் பொறுப்பு. வருடக்கணக்கில் ஒரு நல்ல வெடிப்பு வாய்க்காமல் என் ஆய்வு நட்டாற்றில் நின்றது. உதவித்தொகையும் முடியப்போகிற நேரம். வாய்க்காவிட்டால் டாக்டர் பட்டத்தை மறந்துவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

அது வாய்த்தது, சீசன் நேரத்தில், ஐந்தருவியில், எண்ணெய் தேய்ப்பவர் என் இடது காலை முடித்து வலது காலுக்கு வந்தபோது. செய்தி மட்டும் போனுக்குள் எப்படியோ நுழைந்துவிட்டது. பதில் அனுப்ப சிக்னல் இல்லை, கோரிக்கை அனுப்பும் கம்ப்யூட்டரும் வீட்டில் இருந்தது. நான் பதறியதைப் பார்த்ததுமே அத்தானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேரே காரை எடுத்தார். "சீட்டுல எண்ணெய் பட்டா ஒங்க அக்கா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று என் காலில் துண்டைச் சுற்றி, பின்சீட்டில் நீட்டி உட்காரவைத்தார்.

குற்றாலம் ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. அத்தான் தலையை வெளியே நீட்டி போலீஸ்காரரைக் கூப்பிட்டார். "சார், அவசரமா எக்ஸ்ரே எடுக்கணும். நேரம் போச்சுன்னா ஒண்ணும் தெரியாது."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. போலீஸ்காரர் குனிந்து என் காலைப் பார்த்தார். "பாறையில வழுக்கிட்டா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு நேரம் தரவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறி விசில் ஊதிக்கொண்டே முன்னால் போனார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பவேண்டிய முக்கில் அவர் திரும்பவில்லை. அவருக்குப் பின்னால் நேரே எலும்பு ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றோம்.

சக்கர நாற்காலியில்தான் என்னை உள்ளே கொண்டுபோனார்கள். போலீஸ்காரர் நல்ல மனிதர், முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டரில் நான் எண்ணெய்க் கையோடு கோரிக்கையைத் தட்டி அனுப்பினேன். சற்று நேரத்தில் சம்மதம் வந்தது. வெளியே அவர் கேட்பதும், அத்தான் சொல்வதும் காதில் விழுந்தன.

"எடுத்தாச்சா?"

"இப்பந்தான் திருப்புதாங்க சார்."

"ஐயோ. மயக்க மருந்து குடுத்தாங்களா?"

நான் சிரித்தேன், பிறகு அழுதும்விட்டேன். அலறல் என்று நினைத்து அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டாராம்.

தொலைநோக்கி சரியாகத்தான் திரும்பியிருந்தது. பின்னொளி மங்கி மறையும்வரை எங்களுக்கு நிறையவே கிடைத்தது, என் பட்டமும் அதில்தான் வந்தது. "நீ டாக்டரு, நான் எக்ஸ்ரே. இனி ஆஸ்பத்திரி வைக்க வேண்டியதுதான்" என்றார் அத்தான்.

போன சீசனில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது அங்கே பிலிம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான். முன்பு பிலிம் மாட்டிப் பார்த்த விளக்குப்பெட்டி சும்மா கிடந்தது, அதில் எங்கள் பின்னொளியின் படத்தை அத்தான் மாட்டிவைத்திருக்கிறார். கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. கையில் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு எடுத்தது?"

"ஒரு நட்சத்திரத்துக்கு, அண்ணாச்சி. நம்ம மாப்ள எடுத்தது" என்றார் அத்தான்.

"சரியாயிருமா?"

"இல்ல அண்ணாச்சி. அது போயிட்டு."

பெரியவர் உச்சுக்கொட்டினார். என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் முந்தியே கொண்டாந்திருக்கப்படாதா தம்பி?" என்றார்.