கருப்புக் கைக்கு ஒரு உறை

மலேசியாவில், கிள்ளானில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அன்று வெயிலில் புறங்கை தோலுரிந்து, ஹேண்டலைப் பிடிக்கவே முடியவில்லை. வெயில் கிரீம் வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். எல்லா டியூபிலும் வெள்ளை முகங்கள். அலுத்துப்போய், வாங்காமலே வெளியேறத் திரும்பினேன்.

பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அக்கா என் கையைப் பார்த்துவிட்டார்.

"ரொம்ப எரியுதா தங்கச்சி?"

"எரியுதுக்கா. நான் கருப்புலா, எனக்கு எதுக்கு இந்த கிரீமெல்லாம்?"

"கருப்புத் தோலும் வெந்துபோகும்மா. புண்ணு ஆறட்டும், அப்புறம் கிரீம் பூசு. அதுவரைக்கும் இதைப் போட்டுக்கோ."

வெயிலுக்காகத் தான் போட்டிருந்த துணிக் கையுறைகளைக் கழற்றி, வலிக்காமல் எனக்கு மாட்டிவிட்டார்.

என் தோல் வெளுக்க வழி சொன்னவர்கள் நிறையப் பேர். எரியுதா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த ஆர்டர் வந்தும், கடை வாசலில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.