கொக்கி வைத்த பாவாடை

மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். லேத்திலிருந்து வரும் உருப்படிகளை அளந்து, நூலிழை பிசகினாலும் சிவப்பு மை தடவித் திருப்பி அனுப்புவது என் வேலை. ஆபரேட்டர்கள் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட ஆள் வீட்டில் எப்படி இருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. தோசை வட்டமாக வரவில்லை என்றால் அதற்கும் ஒரு முகச்சுளிப்பு வைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஒரகடத்தில் வாடகைக்கு இருந்தோம். மனைவி இரண்டாவது பிரசவத்துக்குக் காஞ்சிபுரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று என்னோடு தங்கிவிட்டாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்துப் போர்ஷன் அக்கா பார்த்துக்கொள்வார். அந்த வருஷம் ஆண்டு விழாக் கும்மியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். சிவப்புப் பாவாடை கட்டி வருகிற பிள்ளைகள்தான் மேடை ஏறலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். அதன் பிறகு அவளுக்கு வேறு பேச்சே இல்லை. தூக்கத்தில்கூடக் கை தட்டினாள்.

துணி வாங்கினேன். டெய்லரிடம் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கொடுக்கத்தான் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் தன் குழந்தையோடு நின்றிருந்தாள். டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டே குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாளை மறுநாள் வரச் சொன்னார். டேப்பை எடுக்கவே இல்லை. கண்ணால் அளக்கிற மனுஷனிடமா என் மகளின் பாவாடையைக் கொடுப்பது? துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பரண்மேல் மனைவியின் கை மெஷின் இருந்தது.

மெஷினை இறக்கி, பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டேன். விட்ட எண்ணெய் முதல் தையலிலேயே துணியில் இறங்கியது. அந்த இடம் உள்பக்கம் போகிற மாதிரி ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன். கம்பெனியில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மெமோ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போயிருப்பேன்.

பாவாடையைப் போல எளிய உடுப்பு கிடையாது. ஒரு நீளத் துணி, மேலே ஒரு மடிப்பு, அதற்குள் ஒரு நாடா. இழுத்துக் கட்டினால் யார் இடுப்பிலும் நிற்கும். எனக்கு அந்த நாடாதான் பிடிக்கவில்லை. இழுத்துக் கட்டுவதென்றால் அளவு இல்லை என்றுதானே அர்த்தம்? நாடாவை ஒழித்துவிட்டு, இடுப்புக்குக் கச்சிதமாக ஒரு பட்டி வைத்துக் கொக்கி போடுவதென்று முடிவு செய்தேன்.

கம்பெனிப் பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து அவள் வெறும் இடுப்பில் சுற்றினேன். இரும்பின் சில்லிப்பு பட்டதும் வயிற்றை எக்கிக்கொண்டாள். அசையாமல் நிற்கச் சொன்னேன். எக்கியபடியே நின்றாள். நான் அளவைப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்து, மூச்சு விடாத ஒரு குழந்தைக்கு மிகத் துல்லியமாகப் பட்டி வெட்டினேன். பட்டிக்குக் கீழே வரும் சுருக்கங்களை ஸ்கேல் வைத்துச் சமமாகப் பிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டுப் பார்த்தோம். கொக்கி மாட்டியது. பட்டிக்குள் விரல் நுழைய இடமில்லை. அதற்குப் பெயர்தான் பொருத்தம் என்று பூரித்துப் போனேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இடுப்பைத் தடவிப் பார்த்து நாடா எங்கே என்று கேட்டார். அளக்கத் தெரியாதவர்களுக்குத்தான் நாடா வேண்டும் என்று விளக்கினேன். நாலு பிள்ளைகளை வளர்த்தவர், அடுப்பில் உலை இருக்கிறது என்று போய்விட்டார். பிடித்திருக்கிறதா என்று மகளைக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

விழா ஒரு சாயங்காலம். அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. முதல் ஷிப்ட் முடிந்து வந்தபோது அக்கா எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே மகள் பாவாடையும் சட்டையுமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை.

"காலீலேர்ந்தே பாவாடைய கயட்ட மாட்டேன்னுது. ஒரு வாய் சோறு துன்லப்பா," என்றார் அக்கா. "துன்னா கொக்கி வுட்டுக்குமாம், அப்பா வருத்தப்படுமாம். அதையே சொல்லிக்கினுகீது."

கொக்கியைக் கழற்றினேன். அவள் இடுப்பைச் சுற்றிப் பட்டியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. வருஷக்கணக்காக அடுத்தவன் வேலையில் சிவப்பு தடவியவனுக்குத் தன் வேலையைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அக்கா ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நான் எதிரே உட்கார்ந்து பட்டியைப் பிரித்தெடுத்தேன். சுருக்கங்களை எல்லாம் அவிழ்த்து, மேல் ஓரத்தை மடித்துத் தையல் ஓட்டினேன். பாவாடை இரண்டு விரல் குட்டையாகிப் போயிற்று. பெட்டியில் கிடந்த மனைவியின் உள்பாவாடையிலிருந்து நாடாவை உருவி, ஊக்கில் கோத்து மடிப்புக்குள் தள்ளினேன். பாதி வழியில் ஊக்கு திறந்துகொண்டு என் விரலைப் பதம் பார்த்தது. ஊக்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

தலைவழியே பாவாடையைப் போட்டு, நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்தேன். சோறு உள்ளே போயும் வயிறு எக்கியபடியே இருந்தது.

"மூச்ச விடும்மா," என்றேன்.

"விடலாமாப்பா?" என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். அவள் மெல்ல விட்டாள். அந்தச் சின்ன வயிறு உருண்டு முன்னால் வந்து நின்றது. அது நின்ற இடத்தில் முடிச்சைப் போட்டேன். எத்தனை அங்குலம் என்று பார்க்கவில்லை.