எனக்கென்று பிசைந்த சோறு

"பன்னிக்கறி துன்னாம இது எப்டிம்மா வரும்? டாக்டராண்டயாவது உண்மைய சொல்லு."

செங்கல்பட்டில் ஸ்கேன் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தவர் இப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பிலேயே பன்றிக்கறியை விட்டவள் நான். வீட்டில் அது வேகும் நாளில் என் சோறு தனிச் சட்டியில் வேகும். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. நம்பியிருக்க மாட்டார்.

இதே உறையைக் கையில் வைத்துக்கொண்டு, இதே கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வலிப்பு வகுப்பறையில் வந்தது. உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் எழுதும்போது வலது கை தானாகத் துடித்தது. சாக்பீஸ் கீழே விழுவதைப் பார்த்தேன். அடுத்துப் பார்த்தது ஆசிரியர் அறையின் மின்விசிறி. வாயில் ரத்தச் சுவை. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், உடம்பு சரியான பிறகு வா என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கரும்பலகை நான் சம்பாதித்த இடம்.

படத்தில் என் மூளையின் இடப்பக்கம் ஒரு சிறு வளையம் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி. நியூரோசிஸ்டிசர்கோசிஸ் (நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் கட்டியாகத் தங்குவது) என்றார் மருத்துவர்.

"நான் பன்றிக்கறி சாப்பிடுவதில்லை சார்" என்றேன்.

"நம்புறேன்மா. சரியா வேகாத கறியச் சாப்பிடறவங்களுக்குக் குடல்லதான் புழு வளரும். மூளைக்குப் போறது புழுவோட முட்டை. குடல்ல புழு இருக்கிறவங்க மலத்துல முட்டை வெளிய வரும். அவங்க கையைச் சரியாக் கழுவாம தொட்ட சாப்பாட்டை இன்னொருத்தர் சாப்பிட்டா, அவங்க தலைக்குள்ள இப்படி வரலாம். பன்றியும் அந்த மலத்தைத் தின்னுதான் நோயை வாங்குது." பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். "வீட்டுல யாருக்காவது நாடா மாதிரி, துண்டு துண்டா ஏதாவது வெளிய வருதாம்மா?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்க வூட்ல அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

கண்ணில் கட்டி இல்லை என்று சோதித்த பிறகே மருந்து தொடங்கினார்கள். அல்பெண்டசோல் (புழுக்கொல்லி), ஸ்டீராய்டு (வீக்கம் அடக்கும் மருந்து), வலிப்பு மாத்திரை. புழு சாகும்போது சுற்றிலும் வீங்கும், தலை வலிக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உங்களுக்கும் சொல்கிறேன்: வலித்தது; பிறகு குறைந்தது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மருந்து நடக்கும்போதே வீட்டில் மறுபடி வலிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் வலிப்பு கண்டவர் கையில் இரும்பைத் திணிப்பார்கள். அதனால் பயனில்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் வைக்காமல் விட வேண்டும். என் கையில் திணித்திருந்தது எங்கள் கழிப்பறைச் சாவி.

வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர் டப்பாக்கள் கொடுத்தார். புழு வைத்திருப்பவர் வீட்டிலேயே இருந்தால் எனக்கு மறுபடி வரலாம். நைனா முனகிக்கொண்டே கொடுத்துவிட்டார். அம்மாவின் டப்பா அடுப்பு மாடத்தில் காலியாகவே இருந்தது.

பக்கத்து வீட்டு மேரி அக்கா என்னைப் பார்க்க வந்தார். "இன்னாடி டீச்சரு, தலைய போட்டோ புட்ச்சாங்களாமே. உள்ள மூளை கீதாமா?" நானும் சிரித்தேன். டாக்டர் சொன்னதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றது.

"நாடா மாதிரியா? உங்கம்மாக்குப் போன பொங்கல்லர்ந்தே அப்டித்தான வருது. நாத்து நடச்சொல்ல சொல்லுச்சே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நாற்று நட்ட பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

அம்மா தோட்டத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"மேரி அக்காவாண்ட சொல்லியிருக்க. என்னாண்ட ஏன் சொல்லல?"

"அவ என்ன மாதிரி சேத்துல நிக்கறவ. நீ படிச்ச புள்ள. சொன்னா என் கையால துன்னுவியா?"

"டாக்டர் கேட்டாரே, அப்ப?"

"ஆம்பளையாண்ட, உன்ன வேற பக்கத்துல வெச்சிக்கினு, எப்டிடி சொல்லுவேன்?"

"அது என் தலைக்குள்ள கீதும்மா."

அம்மா தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. கறி அரைவேக்காட்டில் இருக்கும்போதே அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு உப்புப் பார்ப்பாள். மற்றவர்கள் நன்றாக வெந்ததைச் சாப்பிட்டார்கள். கறியில் அரிசி போல வெள்ளையாக எதையாவது பார்த்தால், அறுப்பவர் கொழுப்பு என்பார், யாரும் மறுத்ததில்லை. அதுதான் புழுக்கட்டி.

எங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறது. எல்லோரும் போனால் குழி ரொம்பிவிடும் என்று நைனா அதை எனக்கு மட்டும் ஒதுக்கிப் பூட்டு போட்டார். "டீச்சர் புள்ள ஏரிக்கரைக்குப் போவக் கூடாது" என்று தெருவெல்லாம் சொன்னார். எனக்கும் அது பெருமைதான். அவர்கள் இருவரும் வேலிகாத்தான் புதருக்குப் போனார்கள். அங்கேதான் பன்றிகளும் மேய்கின்றன. அம்மா ஏரித் தண்ணீரில் கை அலசிக்கொண்டு வந்து, நான் தேர்வுக்குப் படிக்கும்போது தயிர்ச்சோறு பிசைந்து வைப்பாள். தட்டு தனி, சட்டி தனி. கை மட்டும் ஒன்று.

யாராவது பகையாளி செய்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். என்னை உயர்த்தி வைத்தவர்களே, உயர்த்தி வைத்ததாலேயே, என்னிடம் மறைத்தார்கள். மருத்துவர் முன் அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மாவை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பரிசோதித்து மாத்திரை கொடுத்தார். இப்போது அவளிடம் புழு இல்லை.

என் கட்டி சுண்ணாம்புப் புள்ளியாக இறுகிவிட்டது. அது அங்கேயே இருக்கும் என்கிறார்கள். பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சாக்பீஸை எடுக்கும்போதெல்லாம் வலது கையை முதலில் பார்த்துக்கொள்கிறேன். முன்பு தேர்வு, வேலை, அடுத்த தேர்வு என்று போகும் என் காலம். இப்போது ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரை போகிறது.

அம்மா இன்னும் சோறு பிசைந்து வைக்கிறாள், இப்போது சோப்பு போட்டுக் கை கழுவி, நான் பார்க்கும்படி. நான் கரண்டியால் வேறு சோறு போட்டுக்கொள்கிறேன். என்றைக்கு அவள் பிசைந்ததை எடுப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கழிப்பறைப் பூட்டைக் கழற்றினால் நைனா மறுபடி மாட்டிவிடுவார். அதனால் நேற்று திருப்புளி எடுத்து, கதவிலிருந்து கொண்டியையே பெயர்த்துவிட்டேன். உள்ளே சோப்பு வைத்தேன். முதலில் அம்மாவைத்தான் போகச் சொன்னேன்.