குதிரைக் காலில் பூசிய எண்ணெய்

சிட்னிக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். அங்கே முன்னங்கால் வீங்கிய குதிரை ஒன்றுக்கு லேசர் சிகிச்சை நடந்துவந்தது. அது நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல், வென்ட்வேர்த்வில் புறநகரில் உள்ள தமிழ்க் கடையில் என் முழங்காலுக்கு வாங்கிய மூலிகை எண்ணெயை ஒரு காலையில் அதன் காலில் தேய்த்துவிட்டேன்.

சற்று நேரத்தில் மிருக வைத்தியர் வாசுகி வந்தார்.

"அண்ணை, காலில ஏதும் பூசினனீங்களோ?"

நாட்டு வைத்தியம் என்று சிரிப்பாரோ என்ற வெட்கத்தில், "இல்லை டொக்டர்" என்றேன்.

நான் கயிற்றைப் பிடிக்க, அவர் குந்தியிருந்து லேசர் கருவியைக் காலில் வைத்தார். குதிரையின் தோல் துடித்தது. காதுகள் பின்னால் மடிந்தன. "பொறு ராசா" என்றார் வாசுகி. கால் உயர்ந்தது. குளம்புக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்தான்.

"எடுங்கோ டொக்டர்! எண்ணெய் பூசினனான்!"

அவர் பின்னால் சாய, குளம்பு அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. எண்ணெய் பூசிய தோலில் லேசர் பட்டால் சூடேறிச் சுட்டுவிடுமாம்.

அவர் திட்டவில்லை. வாளியில் தண்ணீர்தான் கேட்டார்.

இப்போது அவர் வருமுன்பே காலைக் கழுவித் துடைத்து வைக்கிறேன். அதே கேள்வியை அவர் இன்னும் கேட்கிறார். "இல்லை" என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. "தொட்டுப் பாருங்கோ டொக்டர்" என்கிறேன்.